பூட்டிக்கொண்ட லினக்ஸ் கணினியும் மகாமகக் குளக்கரைக் கடையும்

வலங்கைமானில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. நான்கு ஆண்டு நெல் கணக்கு, கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்ட விவரம், குத்தகை வரவு எல்லாம் அதில்தான். சம்பா அறுவடை மும்முரத்தில் இரண்டு மாதம் தொடாமல் இருந்துவிட்டு மாசியில் திறந்தபோது, கடவுச்சொல் நினைவுக்கு வரவேயில்லை. முதலில் போன கடையில், ஃபார்மேட் செய்தால்தான் ஆகும், உள்ளே இருப்பது போய்விடும் என்றார்கள். அது உண்மையில்லை என்பதை அடுத்த கடையில்தான் அறிந்தேன்.

அது கும்பகோணம் மகாமகக் குளத்துக்கு அருகில், ஒரு மாடிப்படியின் கீழ் இருக்கும் சிறிய பழுதுபார்ப்புக் கடை. "சார், இது உங்க கம்ப்யூட்டர்தானே? பில் ஏதாவது இருக்கா?" என்று கேட்டு, கைப்பேசியில் இருந்த பில்லின் படத்தைப் பார்த்த பிறகே அங்கிருந்த இளைஞர் கணினியில் கைவைத்தார். நிறுவும்போது வட்டை என்கிரிப்ட் செய்தீர்களா, அதாவது தனியாக ஒரு சொல் போட்டு உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டினீர்களா என்பது அடுத்த கேள்வி. செய்திருந்தால் அந்தச் சொல் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது, காசும் வாங்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் செய்திருக்கவில்லை.

பழைய கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துத் தருவார் என்றுதான் நினைத்திருந்தேன். லினக்ஸ் அதை அப்படியே எழுதி வைப்பதில்லை, திருப்பிப் படிக்க முடியாத ஹாஷாக மாற்றித்தான் வைத்திருக்கிறது, ஆகவே புதியதை வைக்கலாமே தவிர பழையதை எடுக்க முடியாது என்று விளக்கினார். கணினி தொடங்கும்போது ஷிப்ட் விசையைப் பிடித்து கிரப் என்ற தொடக்கப் பட்டியலை வரவழைத்து, பழுதுநீக்குவதற்கான ரிகவரி மோடு வழியாக, முழு அதிகாரத்தோடு கட்டளை அடிக்கக்கூடிய ரூட் ஷெல்லுக்குள் போனார். கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையை முதன்முறை அடித்தபோது திரையில் பிழைதான் வந்தது. அந்த நிலையில் வட்டு படிக்க மட்டுமே திறந்திருக்கும் என்பதால், எழுதும் அனுமதியோடு அதை மறுபடி மவுண்ட் செய்துவிட்டு, அதாவது இணைத்துவிட்டு, கணினியை என் பக்கம் திருப்பி வைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். புதிய சொல்லை நானே இரண்டு முறை அடித்தேன். அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாததால் விசைப்பலகை வேலை செய்யவில்லையோ என்று பயந்துபோனேன். லினக்ஸில் அது இயல்பாம். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோப்புகள் ஒன்றும் குறையவில்லை.

இத்தனை எளிதாகத் திறக்கிறதே என்ற கவலையை அவரிடமே சொன்னேன். கணினி யார் கையில் கிடைத்தாலும் இதே வழிதான், அதனால்தான் பில் கேட்கிறேன் என்றார். அந்தப் பதிலுக்காகவே இந்தக் கடையை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

ஒரு குறை உண்டு. வீட்டுக்கு வந்து குரோமைத் திறந்தவுடன், சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும், சாவிக்கொத்து எனப்படும் கீரிங் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது. தொலைபேசியில் கேட்டபோது, அது பழைய சொல்லாலேயே பூட்டப்பட்டிருப்பதால் நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும் என்று பொறுமையாக வழி சொன்னார். ஆனால் உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் எனக்குப் போய்விட்டன. இதைக் கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

300 ரூபாய் வாங்கினார். போகிறவர்கள் சார்ஜரையும் வாங்கிய பில்லையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பில் இல்லாமல் வந்த ஒருவரை என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்.