லோட் ஸ்டெப் சோதனை: எலெக்ட்ரானிக் லோடா, மாஸ்ஃபெட்டும் ரெசிஸ்டருமா?

சப்ளையில் திடீரென மின்னோட்டத்தை ஏற்றி, வோல்டேஜ் எப்படி ஆடுகிறது என்று பார்ப்பதே லோட் ஸ்டெப் சோதனை. 5 வோல்ட் சப்ளையில் 1 ஆம்பியர் ஏற்றிப் பார்க்க எலெக்ட்ரானிக் லோட் (சொன்ன அளவு மின்னோட்டத்தை இழுக்கும் கருவி) வசதியானது; எண்ணைத் தட்டினால் போதும். ஆனால் மலிவானவற்றில் மின்னோட்டம் மெதுவாகவே ஏறும். நீள வயரும் கெடுக்கும்: 1 மைக்ரோஹென்றி வயரில் 1 மைக்ரோசெகண்டில் 1 ஆம்பியர் ஏறினால், வயரிலேயே 1 வோல்ட் விழும்.

வேகம் வேண்டுமானால், ரெசிஸ்டர்களை இணைத்துத் துண்டிக்கும் வேகமான சுவிட்சாக மாஸ்ஃபெட்தான். 20 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் நான்கை இணையாக, அவுட்புட் கெப்பாசிட்டருக்கு அருகிலேயே பற்றவையுங்கள். வயர்வூண்டு (கம்பி சுற்றிய ரெசிஸ்டர்) வேண்டாம், அதுவும் ஒரு சுருள்தானே! மாஸ்ஃபெட்டை ஆன்-ஆஃப் செய்யும் கேட் முனைக்கு 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், 10 சதவீத டியூட்டி (பத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆன்), சூடு அடங்கும்.

ஸ்கோப்பில் ஏசி கப்ளிங் (நிலையான 5 வோல்ட்டை விலக்கி, மாற்றத்தை மட்டும் காட்டும்), கட்டத்துக்கு 50 மில்லிவோல்ட், 20 மைக்ரோசெகண்ட். டிரிகர் (அலையைப் பிடிக்கும் தருணம்) கேட் சிக்னலில். புரோபின் நீளமான கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றி குட்டையான கிரவுண்ட் ஸ்பிரிங்கை மாட்டுங்கள். இல்லையேல் கிளிப் வயரின் அதிர்வை சப்ளையின் அதிர்வென்று நம்பிவிடுவீர்கள்.