ஒருநாள் கருத்தரங்கா, வாராந்தப் பாடமா? போதைத் தடுப்புக்கு நாங்கள் எடுத்த முடிவு

போன வருடம் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இழுபட்ட விடயம் இது. யாழ்ப்பாணத்தில் மாவா (புகையிலையும் பாக்கும் கலந்த, வாயில் போடும் போதைக் கலவை), கேரளக் கஞ்சா, இப்போது ஐஸ் (மெத்தம்பெட்டமின்) என்று கதை வளர்ந்துகொண்டே போக, பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கருத்தரங்கு வைப்பதா, தரம் 7இலிருந்து கிழமைக்கொரு வாழ்க்கைத்திறன் பாடம் நடத்துவதா என்று கேள்வி. நாங்கள் பாடத்தைத்தான் எடுத்தோம், ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். புத்தகப்பை சோதனை என்றும் ஒருவர் சொன்னார். அது பிடிக்கிற வேலை, தடுக்கிற வேலை அல்ல.

கருத்தரங்கின் வசதி தெரிந்ததே: செலவு குறைவு, ஒரு காலையில் முடியும், பேப்பரில் படமும் வரும். ஆனால் ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் சேர்ந்து வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளைப் பார்த்தால், பயமுறுத்தல், வெறும் விரிவுரை, முன்பு பாவித்தவரின் அனுபவப் பேச்சு, பொலிஸார் நடத்தும் வகுப்பு எல்லாமே பலன் தராத பக்கத்தில் கிடக்கின்றன. 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பொலிஸார் பாடசாலைகளில் தொடங்கிய 'டேர்' போதைத் தடுப்பு வகுப்புத் திட்டம் அமெரிக்கா முழுக்கப் பரவியும், அதனால் பாவனை குறைந்ததென்று ஆய்வுகளில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

மற்றது, அதாவது வாழ்க்கைத்திறன் பாடம், கில்பர்ட் பொட்வின் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறையின் வழியில் வருவது. அதில் முதல் வருடம் 15 பாடம், அடுத்த வருடம் 10, பிறகு 5. எங்கள் பாடமொன்றில், வகுப்பில் எத்தனை பேர் மாவா போட்டுப் பார்த்திருப்பார்கள், நீ போட்டதுண்டா என்று இரண்டையும் பேர் எழுதாத துண்டில் கேட்டோம். பாதிப் பேர் என்று ஊகித்தார்கள், போட்டதாக எழுதியவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் போட்டதும் பின்வாங்கில் இருந்த சத்தம் அடங்கிவிட்டது. அப்புறம் நடிப்பு: ரியூசன் வாசலில் ஒரு அண்ணை மாவாச் சரையை நீட்டுகிறார், கூட நிற்கிறவன் "ஒருக்காப் போட்டுப் பாரன் மச்சான்" என்கிறான், முகம் முறியாமல் எப்படி நழுவுவது?

சரி, பிரச்சினை எங்கே என்றால் பராமரிப்பில். பயிற்சி எடுத்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் பாடம் அன்றோடு சரி, இதைச் சங்கத்தில் யாருமே முதலில் பேசவில்லை. அதோடு மூன்றாம் தவணை வந்தால் கணித ஆசிரியர் அந்தப் பாடவேளையைக் கடன் கேட்பார், கொடுத்தால் திரும்பி வராது. அதனால் ஒருவருக்குப் பதில் இரண்டு பேரைப் பழக்கினோம், ஒவ்வொரு பாடத்தின் குறிப்பையும் தமிழில் எழுதிப் பிரதி அதிபரிடம் ஒரு கோவையில் வைத்தோம், சுகாதாரமும் உடற்கல்வியும் பாடவேளைகளில் ஒன்றை அதிபர் கையொப்பத்தோடு நேரசூசியில் பூட்டினோம். உங்கள் பாடசாலையில் இந்த மூன்றும் நடக்காதென்றால் தொடங்காதீர்கள், இரண்டாம் வருடம் கோவையில் தூசிதான் இருக்கும்.

பலன்? எங்கள் முதல் தொகுதி இன்னும் தரம் 8இல் நிற்கிறது, இப்போதே சொன்னால் பொய். ஏற்கெனவே ஐஸில் மாட்டிய பிள்ளைக்கு இந்தப் பாடம் போதவே போதாது. அவனைத் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவு போன்ற இடத்துக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். கருத்தரங்குக்கு ஒதுக்கிய காசு மிச்சமிருந்தால் அதைப் பெற்றோருக்கு வையுங்கள், ஞாயிறு காலையில். ரியூசன் முடிந்து பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது என்று கேட்டுத் தொடங்கினாலே கூட்டம் சூடுபிடிக்கும்.