ஓட்டுப் போடும் முறைகள்: எது யாருக்கு எளிது, எதைத் திரும்ப எண்ணிக் காட்டலாம்?

எந்த வாக்குப்பதிவு முறையையும் எடைபோட இரண்டு கேள்விகள் போதும். பார்வையற்றவர், சக்கர நாற்காலியில் வருபவர், கை நடுங்குபவர், படுக்கையை விட்டு எழ முடியாதவர் எல்லாரும் அடுத்தவருக்குத் தெரியாமல் தாங்களே ஓட்டுப் போட முடிகிறதா? தோற்ற வேட்பாளரின் ஏஜென்ட் "கணக்கு தப்பு" என்று சொன்னால், அவர் கண்ணெதிரே எடுத்து வைத்து எண்ணிக் காட்ட ஏதாவது இருக்கிறதா? புது முறையை விற்க வருபவர்கள் முதல் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வார்கள். இரண்டாவதைக் கேட்டால் "எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது" என்று முடித்துவிடுவார்கள்.

காகிதச் சீட்டும் பேனாவும்

இரண்டாவது கேள்வியில் இதை மிஞ்ச வேறொன்று இல்லை. 2005 தேர்தலில் பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் சாசனத்துக்கு முரணானவை என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகனும் எண்ணிக்கையின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் அது வைத்த அளவுகோல்.

ஒரே ஒரு பதவிக்குத் தேர்தல் என்றால் கையால் எண்ணலாம். ஒரே சீட்டில் இருபது பதவிகள் இருந்தால் எண்ணிக்கை இழுத்துக்கொண்டே போகும். ஆட்கள் களைக்கக் களைக்கப் பிழையும் கூடும். அங்கே ஸ்கேனர் தேவை. அதை எங்கே வைக்கிறோம் என்பது பலர் நினைப்பதைவிட முக்கியம். பூத்திலேயே இருந்தால், ஒரே பதவிக்கு இரண்டு பேருக்குக் குறி போட்ட சீட்டை அது உடனே திருப்பித் தள்ளும். வாக்காளர் அதை ரத்து செய்து வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். சீட்டுகளை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் மொத்தமாக ஸ்கேன் செய்தால் அந்த ஓட்டு செல்லாத ஓட்டுதான், திருத்த ஆள் இருக்கமாட்டார்.

ஸ்கேனரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சீட்டுகள் கையில் இருப்பதால், குலுக்கல் முறையில் சிலவற்றை எடுத்து முடிவைச் சோதிக்கலாம். இதற்குப் பெயர்தான் தணிக்கை. அமெரிக்காவின் கொலராடோ 2017 முதல் மாநிலம் முழுக்க இதைச் செய்கிறது. எத்தனை சீட்டு எடுப்பது என்பதை வெற்றி வித்தியாசம் தீர்மானிக்கும். முடிவு உண்மையிலேயே தப்பாக இருந்து அது கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 சதவீதம் என்றால் சுமார் 600 சீட்டுகள் போதும். ஒவ்வொரு சீட்டையும் ஸ்கேனர் எப்படிப் படித்தது என்ற பதிவு தனித்தனியாக இருந்து, அதோடு ஒப்பிட முடிந்தால் 60 சொச்சமே போதும். வித்தியாசம் 1 சதவீதத்துக்குச் சுருங்கினால் முதல் வழியில் 60,000 சீட்டுகள், இரண்டாம் வழியில் 600 சொச்சம். ஸ்கேனர் வாங்கும்போதே சீட்டுவாரிப் பதிவு கிடைக்குமா என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

காகிதத்தின் ஓட்டை முதல் கேள்வியில் இருக்கிறது. பிரிட்டனில் பார்வையற்றவர்களுக்காகச் சீட்டின் மேல் ஒட்டும் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருந்தது. அதில் எண்கள் மேடாக இருக்கும். எண்ணைத் தடவி, மூடியைத் திறந்து, உள்ளே குறி போட வேண்டும். மூன்றாவது கட்டம் எது என்று விரலுக்குத் தெரியும், அதில் யார் பெயர் இருக்கிறது என்று தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. அந்தப் பட்டை மட்டும் சட்டத்துக்குப் போதாது என்று 2019-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நேரடியாகப் பதிவு செய்யும் இயந்திரம்

பொத்தானை அழுத்தினால் முடிந்தது. செல்லாத ஓட்டு ஏறக்குறைய இல்லை, எண்ணிக்கையும் வேகம். ஆனால் நினைவகத்தில் இருக்கும் எண் தப்பானால் அதை எதோடு ஒப்பிடுவது? 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டுகள் கூடுதலாக விழுந்திருந்தன. 4,096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. நினைவகத்தில் எண்கள் 0, 1 என்ற பிட்களாக இருக்கும்; அதில் ஒரே ஒரு பிட் 0-லிருந்து 1-ஆகப் புரண்டதுதான் காரணமாக இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். நடக்கவே முடியாத அளவுக்கு எண் பெரிதாக இருந்ததால் மாட்டியது. அதைவிடச் சின்ன மதிப்புள்ள ஒரு பிட் புரண்டு 64 ஓட்டு கூடியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அயர்லாந்து கோடிக்கணக்கான யூரோ கொட்டி வாங்கிய இயந்திரங்களை நாடு முழுக்கப் பயன்படுத்தாமலேயே 2012-ல் பழைய இரும்பாக விற்றது.

ஒப்புகைச் சீட்டு சேர்த்தால் நிலைமை மாறும். இந்திய இயந்திரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதிக்கும் ஐந்து பூத்களின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கிறார்கள். இதில் இரண்டு குறை. வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் அதே ஐந்துதான். லட்சத்தில் ஜெயித்த இடத்தில் அது மிகை, நூற்றில் ஜெயித்த இடத்தில் அது போதாது. பிரெய்ல் பார்த்துப் பொத்தானை அழுத்தும் பார்வையற்றவருக்கு, கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் சீட்டால் ஒரு பயனும் இல்லை.

குறி போட்டுத் தரும் இயந்திரம்

ஹெட்போனில் பெயர்களைக் கேட்டு, தொட்டுணரும் பொத்தான்களால் தேர்ந்தெடுக்கலாம். கையை அசைக்க முடியாதவர் வாயால் ஊதியும் உறிஞ்சியும் இயக்கலாம். இயந்திரம் எண்ணாது, குறி போட்ட காகிதத்தை மட்டும் தரும். முதல் கேள்விக்கு இதுவே சிறந்த பதில்.

அதற்காக எல்லாரையும் இதிலேயே ஓட்டுப் போடச் சொன்னால் புதுத் தொல்லை வரும். 2020-ல் வெளியான அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், அச்சாகி வரும் சீட்டில் வேண்டுமென்றே ஒரு தேர்வை மாற்றிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் நினைவூட்டாதபோது, பங்கேற்றவர்களில் 40 சதவீதம் பேர்தான் சீட்டைப் பார்த்தார்கள். தப்பு இருக்கிறது என்று அலுவலரிடம் சொன்னவர்கள் 6.6 சதவீதம். வாக்காளர் சரிபார்க்காத காகிதம் எந்தத் தணிக்கைக்கும் உதவாது. தேர்வுகளை கியூஆர் குறியீடாக மட்டும் அச்சிட்டு அதை எண்ணும் மாடல்கள் இன்னும் மோசம். மனிதன் படிப்பது ஒன்று, ஸ்கேனர் படிப்பது வேறொன்று.

தபால் ஓட்டு

வீட்டை விட்டு நகர முடியாதவருக்கு இதுவும், அதிகாரிகள் பெட்டியோடு வீட்டுக்கே வருவதும்தான் வழி. தபாலில் ஓட்டு வீணாவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகாதது, உள்ளுறையில் போடாமல் சீட்டை நேரே வெளியுறையில் போடுவது, கெடு முடிந்தபின் வந்து சேர்வது. பக்கவாதம் வந்தவரின் கையெழுத்து மாறித்தான் இருக்கும். நிராகரிக்கும் முன் அவரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய அவகாசம் தராத சட்டம் யாருக்கு உதவ வந்ததோ அவர்களையே வெளியே தள்ளுகிறது.

உறைகள் கைமாறும் வழியில்தான் திருட்டு நடக்கும். 2018-ல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் 9-வது தொகுதியில் ஒரு கும்பல் வீடு வீடாகப் போய் தபால் சீட்டுகளை வாங்கிச் சென்றது அம்பலமானதும் முடிவு ரத்தாகி, 2019-ல் மறுதேர்தல் நடந்தது. வீட்டுக்குள் ஒருவர் பக்கத்தில் நின்று "இதில் போடு" என்று சொல்வதைத் தடுக்க எந்த உறையாலும் முடியாது.

இணையவழி ஓட்டு

எஸ்டோனியா 2005 முதல் நடத்துகிறது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் இணையத்தில் விழுந்தன. மிரட்டலுக்கு அவர்கள் கண்ட மருந்து, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசி ஓட்டே செல்லும் என்பது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அதன் அடித்தளம் ஒவ்வொரு குடிமகனிடமும் இருக்கும் சிப் பதித்த அடையாள அட்டை. 2017-ல் அந்தச் சிப்பில் ஓட்டை தெரிந்தபோது ஏறக்குறைய 7,50,000 அட்டைகள் ஒரே நேரத்தில் கேள்விக்குறியாயின. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2021 டிசம்பரில் இணைய முறை திணறி, பலர் ஓட்டுப் போட முடியாமல் போனது; மூன்று உள்ளாட்சித் தேர்தல்களை நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஒரு பூத்தில் தப்பு நடந்தால் ஒரு பூத்தோடு போகும். சர்வரில் நடந்தால் எல்லைக்கோடு கிடையாது, திரும்ப எண்ணக் காகிதமும் கிடையாது.

கலந்து வைப்பதானால்

கையால் குறி போட்ட சீட்டு, பூத்திலேயே ஸ்கேனர், வித்தியாசத்துக்கு ஏற்ற தணிக்கை. கூடவே ஒவ்வொரு பூத்திலும் குறி போட்டுத் தரும் இயந்திரம் ஒன்று. அது தரும் சீட்டும் கைச்சீட்டின் அதே அளவில், அதே வடிவில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் பெட்டியில் எது அவருடையது என்று தெரிந்துவிடும். ஆகவே விரும்பும் மற்றவர்கள் சிலரையும் அதில் போடவிட வேண்டும். வாசலில் 12 செ.மீ. படி இருந்தால் சாய்தளம் அதைப் போல் 12 மடங்கு, அதாவது குறைந்தது 1.44 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு பலகையைச் சாத்தி வைப்பது சாய்தளம் ஆகாது. முந்தின நாள் மாலையே இயந்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கிறதா என்று பார்த்து, ஒரு சோதனைச் சீட்டு அச்சிட்டு, அதை ரத்து முத்திரையோடு கணக்கில் எழுதிவைக்க வேண்டும்.