இல்லாத மருவுக்கு லேசர் வைத்துக்கொண்ட கதை

கூச்சத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். வயது 28, சென்னையில் வேலை, தை மாதம் கல்யாணம். ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி ஊசித்தலை அளவில் பொடிப்பொடியாக ஒரு வரிசை உண்டு. கல்லூரிக் காலத்திலிருந்தே இருப்பதுதான். வலி இல்லை, அரிப்பு இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்த வாரத்தில் திடீரென்று அது பூதமாகத் தெரிந்தது. ராத்திரி ஒரு மணிக்குப் போனில் தேடினேன். மறுநாள் எதைத் திறந்தாலும் ஒரே லேசர் கிளினிக்கின் விளம்பரம்: 'ஆலோசனை இலவசம், ரகசியம் காக்கப்படும்.'

போனேன். முதலில் பார்த்தது டாக்டர் இல்லை, 'கவுன்சிலர்' என்று அட்டை மாட்டிய ஒரு பெண். முதல் கேள்வியே, "சார், கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சா?" ஆமாம் என்றதும் அவர் முகத்தில் வந்த கவலையைப் பார்க்க வேண்டுமே, என் அம்மாகூட எனக்காக அப்படிக் கவலைப்பட்டதில்லை. அப்புறம் வெள்ளைக் கோட்டு ஒருவர் வந்தார். கையுறை, டார்ச், பத்து விநாடி. "உடலுறவில தொத்துற ஹெச்.பி.வி. வைரஸால வர்ற மரு. விட்டா உங்க ஒய்ஃபுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரைக்கும் போகும்." அதற்குமேல் என் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டு சிட்டிங், 36,000 ரூபாய். அவ்வளவு கையில் இல்லை என்றேன். பத்தே நிமிடத்தில் தவணைக் கடன் தயார். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில், டேப்லெட்டில். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார்கள்.

மரத்துப்போகும் களிம்பைத் தடவி, கொஞ்ச நேரம் காக்கவைத்து, ஆரம்பித்தார்கள். முடி கருகுகிற வாசனை. வலது பக்கம் முடிந்தது, இடது பக்கத்துக்கு மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். நாலாம் நாள் சீழ் பிடித்தது. ஜட்டி பட்டாலே உயிர் போயிற்று. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "நார்மல்தான் சார்" என்று பதில், கூடவே ஒரு கட்டைவிரல் பொம்மை.

காய்ச்சலும் வந்த பிறகு, நண்பன் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்கு இழுத்துப் போனான். பால்வினை நோய்க்கென்றே அங்கே தனித்துறை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஓ.பி. சீட்டு, மர பெஞ்சு, வரிசை. டாக்டர் லென்ஸ் வைத்து, லேசர் படாத இடது பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். "தம்பி, இது மருவே இல்லையே."

அதன் பெயர் பியர்லி பெனைல் பாப்யூல்ஸ். நிறையப் பேருக்கு இயல்பாகவே இருப்பது, தொற்றாது, சிகிச்சையே வேண்டாம். எல்லாம் ஒரே அளவில், வழவழப்பாக, கோலப்புள்ளி மாதிரி வரிசை பிசகாமல் இருக்கும். மரு அப்படி இருக்காது. ஒழுங்கில்லாமல் முளைத்து, காலிஃபிளவர் போலச் சொரசொரப்பாக, போகப்போகப் பெருகும். பெரும்பாலும் ஹெச்.பி.வி. 6, 11 வகைகளால் வருவது. புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் 16, 18 வகைகள். ஆக, என்னைப் பயமுறுத்தியது இரண்டு மடங்கு தப்பு.

அவர் கேட்ட கேள்விகள்தான் என்னைக் கூனிக்குறுக வைத்தன. "நிஜமாவே மருன்னு நெனச்சிருந்தா ஹெச்.ஐ.வி., சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கணுமே, எழுதினாங்களா? யார்கூடப் பழக்கம்னு கேட்டாங்களா? லேசர் வைக்கும்போது மாஸ்க் போட்டிருந்தாங்களா?" இல்லை, இல்லை, இல்லை. மருவைச் சுடும் புகையில் அந்த வைரஸ் இருக்கக்கூடுமாம். அங்கே புகையை இழுக்கும் குழாயும் இல்லை, யார் முகத்திலும் மாஸ்க்கும் இல்லை. அது மரு இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

லேசர்மேல் எனக்குக் குறை இல்லை. மருவுக்கு கார்பன் டை ஆக்சைடு லேசர் முறையான சிகிச்சைதான். ஆனால் இமிகிமோட் மாதிரி களிம்புகளும் உண்டு, திரவ நைட்ரஜன் வைத்து உறையவைப்பதும் உண்டு. எதைச் செய்தாலும் திரும்ப முளைக்கலாம். 'ஒரே சிட்டிங்கில் நிரந்தரத் தீர்வு' என்று போர்டு வைத்திருந்தால் அந்தப் படி ஏறாதீர்கள். டாக்டர் பெயருக்குப் பின்னால் தோல், பால்வினை நோய்க்கான பட்டமான எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். இருக்கிறதா பாருங்கள், பதிவு எண்ணைக் கேளுங்கள். என் பில்லில் 'ஸ்கின் ப்ரொசீஜர்' என்று ஒரு வரிதான். டாக்டர் பெயரே கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். அதே கவுன்சிலர், அதே சிரிப்பு: "டீட்டெயிலா பில் வேணும்னா வீட்டு அட்ரஸுக்கே அனுப்பிடறோம் சார்." புரிகிறதல்லவா? இவர்கள் கடை ஓடுவதே நம் வெட்கத்தில்தான். அன்று ராத்திரியே கட்டிக்கப்போகிறவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பில்லை அனுப்பச் சொல்லுங்க, நமக்குத்தான் தேவை" என்றாள்.

சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. ஸ்பீடு போஸ்டில் கேட்டு அனுப்பினேன், பதினொரு நாள் ஆகிறது, பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி. வலது பக்கம் வெள்ளைத் தழும்பு. இடது பக்கம் அந்த வரிசை இருந்தபடியே இருக்கிறது.