மைக்ரோடிக் ஹெக்ஸ்: வாய் திறக்காத ஹொப்பைப் படிக்க ஏற்ற பெட்டி

யாழ்ப்பாணத்தில் ரியூஷன் நிலையம், அச்சகம், சின்ன அலுவலகம் எதற்குள் போனாலும் இணைப்போடு வந்த ரவுட்டர் ஒன்றுதான் சுவரில் தொங்கும். சூம் வகுப்பு இடறினால் எங்கே இடறுகிறது என்று அது காட்டாது. அதற்குப் பின்னால் மைக்ரோடிக் ஹெக்ஸ் என்ற சின்ன ரவுட்டர் ஒன்றைப் பூட்டினால் தெரியும். இங்கே பேசுவது ஆர்பி750ஜிஆர்3 மாடல்: கிகாபிட் போர்ட் ஐந்து, 256 எம்பி ராம். வைஃபை இல்லை, அதற்கு வேறு பெட்டி வேண்டும். 8 முதல் 30 வோல்ட் டிசி வரை ஏற்பதால் கரண்ட் நின்றாலும் 12 வோல்ட் பற்றரியில் நேரே ஓடும். இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

ஹெக்ஸை அமைக்கும் மென்பொருளான வின்பாக்ஸில் டூல்ஸ் மெனுவுக்குள் ட்ரேஸ்ரவுட்டைத் திறந்து 8.8.8.8 (கூகிளின் டிஎன்எஸ் முகவரி) கொடுங்கள். பொதி (பாக்கெட்) இலக்குவரை தாண்டிப் போகும் ஒவ்வொரு ரவுட்டரையும், அதாவது ஹொப்பையும், அது ஒரு வரியாகக் காட்டும். விண்டோஸின் ட்ரேஸர்ட் ஒவ்வொரு ஹொப்புக்கும் மூன்று பொதி அனுப்பிவிட்டு நின்றுவிடும். ஹெக்ஸில் உள்ளது நீங்கள் நிறுத்தும்வரை அனுப்பிக்கொண்டே லொஸ் (பதில் வராத பொதிகளின் வீதம்), சராசரி, ஆகக்கூடிய நேரம் எல்லாவற்றையும் வரி வரியாகப் புதுப்பிக்கும். சென்ற் என்ற நிரல் 100ஐத் தாண்டும்வரை பொறுத்திருங்கள். பத்துப் பொதியை வைத்து ஒன்றும் சொல்லேலாது.

இனித்தான் பலரும் பிழைவிடும் இடம். 4ஆம் வரியில் முகவரி வெறுமை, லொஸ் 100, பக்கத்தில் டைம்அவுட். 5ஆம் வரியில் லொஸ் 0. இது பழுது இல்லை. 4ஆம் ரவுட்டர் பொதியைக் கடத்துகிறது, ஆனால் டிடிஎல் (பொதி இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்) தீர்ந்துவிட்டது என்ற பதிலை அனுப்பவில்லை. கடத்தும் வேலையை அதன் சிப் செய்யும். பதில் எழுதுவது சிபியு. அதற்குப் பாரம் ஏறாமல் இருக்க, பதிலுக்கு அளவு கட்டியோ முழுதாக நிறுத்தியோ வைத்திருப்பார்கள். ஒரு ஹொப்பில் தொடங்கிய இழப்பு கடைசி வரிவரை நீண்டால் மட்டும்தான் முறைப்பாடு செய்யுங்கள்.

ஒரு ஹொப்புக்குப் பிறகு எல்லாமே மௌனம் என்றால் புரோட்டோகோலை, அதாவது சோதனைப் பொதியின் வகையை, ஐசிஎம்பியிலிருந்து யூடிபிக்கு மாற்றிப் பாருங்கள். ஒன்றைத் தடுக்கும் இடம் மற்றதை விடுவதுண்டு. டிசிபி வசதி இதில் இல்லை. அது பெரிய குறைதான். இணையத்தளங்கள் பயன்படுத்தும் 443ஆம் போர்ட்டுக்கு டிசிபியில் தடம் பார்க்க லினக்ஸ் மடிக்கணினி போல வேறொன்று வேண்டும்.

முதல் வரியிலிருந்தே மௌனமா? ஹெக்ஸில் பொதிகளை வடிகட்டும் ஃபயர்வோல் விதிகளைப் பாருங்கள். தடம் காட்டும் பதில்கள் ‘ரிலேட்டட்’ என்ற வகையில் உள்ளே வரும். ரவுட்டரிலிருந்து சோதிக்கும்போது இன்புட் செயினில் (ரவுட்டருக்கே வரும் பொதிக்கான விதி வரிசை) அதை ஏற்கும் விதிக்கு மேலே ஒரு ட்ரொப் விதி இருந்தால் ஒன்றும் திரும்பி வராது. கொம்பியூட்டரிலிருந்து சோதித்து, ஹெக்ஸைக் காட்டும் முதல் வரிக்குப் பிறகு மௌனம் என்றால் ஃபோர்வர்ட் செயினைப் (ரவுட்டரைக் கடந்துபோகும் பொதிக்கான விதி வரிசை) பாருங்கள். தொழிற்சாலை விதிகளில் இந்தச் சிக்கல் இல்லை. வீடியோ பார்த்து ஒட்டிய விதிகளில்தான் வரும். கொம்பியூட்டரிலிருந்து பார்க்கும்போது முதல் அல்லது இரண்டாம் வரியிலேயே 8.8.8.8 வந்து நின்றால், பொதியின் விவரங்களை மாற்றும் மேங்கிள் விதிகளில் யாரோ டிடிஎல்லை 65 போன்ற ஓர் எண்ணில் பூட்டியிருக்கக்கூடும்.

இரண்டாம் ஹொப் 100.64 என்று தொடங்கினால் பயப்பட வேண்டாம்; பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன, அவ்வளவுதான். மில்லிசெக்கன் திடீரென்று கூடினாலும் முதலில் தூரத்தை நினையுங்கள். கொழும்பு இங்கிருந்து றோட்டால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அந்த நீளக் கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 4 மில்லிசெக்கன். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டிலேயே 27 அளவில் வரும். ஆனால் சுவரில் உள்ள ரவுட்டரைக் காட்டும் முதல் ஹொப் சரியாக இருந்து, இரண்டாம் ஹொப்பிலிருந்து கடைசி வரிவரை 80, 100 என்று ஆடினால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கும் இணைப்பு நிறுவனத்துக்கும் இடையில்.

பதில் திரும்பும் பாதையை இந்தப் பெட்டி காட்டாது, வேறெந்த ரவுட்டரின் ட்ரேஸ்ரவுட்டும் காட்டாது. அதனால் முறைப்பாட்டுக்கு ஒரே இலக்குக்கான இரண்டு படங்களை அனுப்புங்கள்: அதிகாலை 5 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று. கடைசி வரி கட்டாயம் தெரிய வேண்டும்.