வாட்ஸ்அப்பில் பள்ளிக் கட்டணம்: பாலக்கோட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

பாலக்கோட்டில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளி, இந்தக் கல்வியாண்டிலிருந்து பருவக் கட்டணத்தை வாட்ஸ்அப் வழியாக வசூலிக்கிறது. மாணவரின் பெயர், வகுப்பு, தொகை, கடைசி நாள் ஆகியவற்றுடன் ஓர் இணைப்பு வருகிறது. அதைத் தொட்டால் கூகுள் பே, போன்பே போன்ற செயலி திறக்கிறது, பள்ளியின் பெயர் திரையில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ரகசிய எண்ணை இட்டால் வேலை முடிந்தது. தந்தை பெங்களூரில் கட்டட வேலையிலும் தாய் ஊரில் மாடு கன்றுகளோடும் இருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம் என்பதால், அரைநாள் கூலியை இழந்து அலுவலக ஜன்னலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி.

குறை ரசீதில் இருக்கிறது. பணம் சென்றதும் வரும் பிடிஎஃப்பில் மொத்தத் தொகை மட்டுமே உள்ளது. கல்விக் கட்டணம் எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு, புத்தகத்துக்கு எவ்வளவு என்ற விவரம் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குழு நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்த விவரம் அவசியம். கேட்டால் கையால் எழுதி, முத்திரையிட்டுத் தருகிறார்கள்.

அதைவிட வருத்தம் தருவது, கட்டணம் செலுத்தாதோர் பட்டியலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலேயே பதிவிடுவது. வகுப்பாசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை, அது மேலிடத்து உத்தரவு. தனித்தனியே நினைவூட்டும் வசதி அதே செயலியில் இருக்கும்போது, ஒரு குழந்தையின் வீட்டு நிலைமையை அத்தனை பெற்றோருக்கும் அறிவிப்பதை ஏற்க இயலாது. பட்டன் போன் மட்டுமே வைத்திருப்போரிடம் ரொக்கமும் பெறுகிறார்கள், ஆனால் காலை நேரத்தில் மட்டும்.