கருவேலமா, வாதநாராயணனா?

மார்கழிப் பனியில் மன்னார்குடிப் பக்கம் வெந்நீர் அடுப்பு மூட்டுகிறவர்களின் கைக்கு எட்டும் விறகு இரண்டு. ஒன்று சீமைக்கருவேலம்; இங்கே கருவேலம் என்பதெல்லாம் அதுதான். மற்றொன்று, வேலியோரத்து வாதநாராயணன். தாவரவியல்படி இரண்டுமே வன்மரம்தான். ஊசியிலை மரங்களே மென்மரம். அவை டெல்டாவில் ஏது? அடுப்புக்குத் தெரிவது கனம் மட்டுமே.

நன்றாகக் காய்ந்துவிட்டால் கிலோவுக்குக் கிலோ இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பம்தான் தரும்: 3,500 முதல் 4,000 கிலோகலோரி. எனவே எடை போட்டு வாங்கினால் கருவேலத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க அவசியமில்லை. வண்டிக் கணக்கில் வாங்கினால் கருவேலம்தான். அது கனமான மரம்; அதே இடத்தில் கூடுதல் எடை அடங்கும்.

எரியும் விதம் வேறு. வாதநாராயணன் சட்டென்று பற்றி, அண்டாவின் அடியைத் தழுவி எழுந்து, தணல் தங்காமல் சாம்பலாகிவிடும். கருவேலம் பிடிக்க நேரமாகும். பிடித்தபின் ஒரு மணி நேரம் கழித்துக் கிளறினாலும் தணல் சிவந்திருக்கும். அதன் முள் செருப்பையும் துளைக்கும் என்பதை என் குதிகால் அறியும்.

இரண்டையும் கெடுப்பது ஐப்பசி மழை. பச்சை விறகில் பாதி எடை வரை தண்ணீர் இருக்கலாம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கவே 600 கிலோகலோரிக்கு மேல் வீணாகும். கட்டையின் மறுமுனையில் நுரை கொப்பளித்துச் சீறினால் அது இன்னும் காயவில்லை. சித்திரையிலேயே பிளந்து தாழ்வாரத்தில் அடுக்குங்கள். என் வீட்டில் மூட்டுவதற்கு வாதநாராயணன், நின்று எரியக் கருவேலம்.